மேம்பாலம் ஏறாத கைனடிக் ஹோண்டாவும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறையும்

எங்கள் வீட்டு கைனடிக் ஹோண்டா 1996இல் வந்தது. டெலிபோன்ஸில் வேலை பார்த்த அம்மா கூட்டுறவுக் கடன் போட்டு வாங்கினார். 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், கியர் கிடையாது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். எதிர்வீட்டு மாமா தன் சேட்டக்கை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து உதைத்துக்கொண்டிருப்பார். அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கட்டைவிரலால் பட்டனைத் தொட்டுவிட்டுக் கிளம்பிப் போவார். அந்தக் காட்சிக்காகவே அந்த வண்டியை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார்.

போன வருஷம் வண்டிக்கு மூச்சு போய்விட்டது. பேப்பர் மில்ஸ் ரோட்டில் வீடு, கீழ்ப்பாக்கத்தில் அலுவலகம். நடுவில் பெரம்பூர் மேம்பாலம். சென்னைக்காரர்களுக்கு மேம்பாலம்தானே மலை! மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறினால் பாதியிலேயே முள் 22க்கு இறங்கிவிடும். பின்னால் வரும் மாநகரப் பேருந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே வரும். தட்டையான ரோட்டில் முழுசாகத் திருகினாலும் 48ஐத் தாண்டாது. லிட்டருக்கு 26 கிலோமீட்டர்.

"வித்துட்டு அதே உருவத்துல எலக்ட்ரிக் வந்திருக்கே, அதை வாங்கேன்" என்றார்கள். கைனடிக் டி.எக்ஸ். என்று 2025இல் வந்திருப்பது உண்மைதான், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் விலை. என்னிடம் பத்தாயிரம் இருந்தது. அந்தப் பத்தாயிரத்தில் இந்த வண்டியை எவ்வளவு தூரம் எழுப்பி உட்கார வைக்க முடியும் என்று பார்த்த கதைதான் இது. பழைய கைனடிக்கோ ஸ்கூட்டியோ மூலையில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில் "பிக்கப் வேணும்" என்று நான் கேட்க, கடைக்காரர் என்னோடு வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனைப் பார்த்துப் பதில் சொன்னார். வண்டி ஓட்டுவது நான், அவனுக்கு லைசென்ஸே கிடையாது. "ரேஸிங் சி.டி.ஐ." என்று சிவப்புக் கலரில் ஒரு பெட்டியைக் கொடுத்தார், 1,650 ரூபாய். பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பெட்டி அது. தெருமுனை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். மேம்பாலத்தில் அதே 22. ஸ்டார்ட் ஆவதுகூட ஒரு நொடி தள்ளிப் போனதுதான் மிச்சம். அந்தப் பெட்டி இப்போது மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு தோழி சொல்லித்தான் அயனாவரம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொன்னதால் நானும் பெயர் எழுதவில்லை. பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் பிரிப்பார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், அதுவும் என்னைப் பார்த்து. ஓட்டிப் பார்க்கவில்லை, கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்திப் பார்த்தார். "கம்ப்ரஷன் இல்லம்மா. சளி பிடிச்ச ஆளுக்கு ஷூ மாத்தி ஓடச் சொல்ற மாதிரி பண்ணியிருக்கீங்க" என்றார். கம்ப்ரஷன் என்றால் பெட்ரோல்-காற்றுக் கலவையை பிஸ்டன் அமுக்கும் அழுத்தம். ஷூ என்று சி.டி.ஐ.யைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

சைலென்சரைக் கழற்றி வாயைக் காட்டினார். ரெண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்க வேண்டிய ஓட்டையில் என் சுண்டு விரல்தான் போனது. மிச்சமெல்லாம் கரி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. எரிந்தது போக மீதி புகையாகப் போகும், போகாதது எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலென்சரிலும் படியும். முப்பது வருஷத்தில் யாரும் அதைச் சுரண்டியதே இல்லை போலிருக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் சைலென்சரை ஓர் இரவு ஊற வைத்தார். மறுநாள் தட்டியதும் பழைய நாளிதழில் ஒரு கை கரி கொட்டியது. சிலிண்டர் போர்ட்டை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டினார். ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் கோடு விழுந்து ரிங்கைத் தின்றுவிடுமாம்.

இந்த இடத்தில் என் பையன், "பாய், சைலென்சருக்கு உள்ளே இருக்கிற தடுப்பை அறுத்து எடுத்துட்டா இன்னும் ஃப்ரீயா இழுக்கும்ல?" என்று கேட்டான். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். டூ ஸ்ட்ரோக்கில் புகை போகும் வாயை மூட வால்வு கிடையாது. எரிந்த புகை வெளியே போகும்போது அதோடு புதுக் கலவையும் கொஞ்சம் தப்பித்துப் போகப் பார்க்கும். புகையின் அழுத்த அலை சைலென்சருக்குள் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து அந்தக் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. அறுத்துவிட்டால் தள்ள ஆள் இல்லை. "சத்தம்தான் தம்பி ஏறும். வண்டி ஏறாது. சைலென்சர் இதுக்குப் பாதி எஞ்சின்." நான் பிளஸ் டூவில் பிசிக்ஸ் படித்தவள், இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சிலிண்டரைப் புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த லேத்துக்கு அனுப்பினார். சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிதாக்கும் ரீபோர், அதற்கேற்ற பிஸ்டன், ரிங். எல்லாம் சேர்த்து 2,400. செலவில் பெரியது இதுதான். ஆட்டோலூப் பம்பின் ஆயில் குழாயில் காற்று இருந்ததையும் எடுத்துவிட்டார். கைனடிக்கில் ஆயில் தனி டேங்க், பம்பு தானே கலந்துகொள்ளும். குழாயில் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் புது பிஸ்டன் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு டேங்குக்குப் பெட்ரோலிலும் கொஞ்சம் டூ டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில், ஊற்றச் சொன்னார், டப்பாவில் ஜேசோ எஃப்.டி. என்ற தரக் குறியைப் பார்த்து.

நான் எதிர்பார்க்காதது பெட்ரோல் பற்றி அவர் சொன்னது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996இன் ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துவராது. எங்கள் வண்டியின் பெட்ரோல் குழாய் தொட்டால் பிசுபிசுத்தது. அதைவிட முக்கியம், எத்தனாலுக்குள் ஆக்ஸிஜனும் இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் பழையதாகவே இருந்தால், காற்றுக்குப் போதுமான பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூடு. டூ ஸ்ட்ரோக்கில் சூடு என்றால் பிஸ்டன் போச்சு. குழாய்களை மாற்றி, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினார். ஜெட் வெறும் 60 ரூபாய். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். டிகாக்‌ஷன் கலரில் இருந்தது. கறுத்து எண்ணெய் வடிந்தால் ஜெட் பெரிசு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்தால் சிறிசு. பிளக்கின் கலரை இப்போது மாதம் ஒருமுறை நானே பார்க்கிறேன்.

ரீபோர் முடிந்ததும் 500 கிலோமீட்டர் வரை 40ஐத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஒரு மாதம் சைக்கிள்கூட என்னை முந்தியது.

அதன் பிறகுதான் வேரியேட்டர். கியர் இல்லாத வண்டியில் கியரின் வேலையை ஒரு பெல்ட்டும் முன்னும் பின்னும் இரண்டு புல்லிகளும் செய்கின்றன. முன் புல்லிக்குள் ஆறு சின்ன உருளைகள், ரோலர். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் எறியப்பட்டு புல்லித் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், அதுதான் கியர் மாறுவது. எங்கள் ரோலர்கள் உருண்டை போய் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தன. பெல்ட்டும் தேய்ந்து ஒல்லியாகிவிட்டது. ஒல்லி பெல்ட் புல்லியின் விளிம்புவரை ஏறாது. 48லேயே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே என் ஆசை குறுக்கே வந்தது. லேசான ரோலர் போட்டால் பிக்கப் எகிறும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பாய், "பழைய வெயிட்டே போடுங்கம்மா" என்றார். நான் கேட்கவில்லை, லேசான செட் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். மாட்டினார். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளியது பாருங்கள், புரசைவாக்கத்தில் ஒரு ஆக்டிவாவைப் பின்னால் விட்டேன். சந்தோஷம் ஒரு வாரம். லேசான ரோலருக்குத் தட்டை நெருக்க அதிக வேகம் தேவை, அதனால் 45லேயே எஞ்சின் மிக்ஸி மாதிரி அலறியது. லிட்டருக்கு 29தான் கொடுத்தது. அம்மா உள்ளறையிலிருந்தே, "என் வண்டிச் சத்தம் இது இல்லையே" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. பழைய எடையில் புது ரோலர் மூன்றை ஒரு பால்பவுடர் டப்பாவிலிருந்து எடுத்தார். என் லேசான ரோலர் மூன்று, அந்த மூன்று, ஒன்று விட்டு ஒன்றாக வைத்து மூடினார். அவ்வளவுதான். அதற்குக் கூலிகூட வாங்கவில்லை. கிளட்ச் ஸ்பிரிங்கும் மாற்றச் சொன்னேன், "வேணாம், இருக்கிறதே நல்லா இருக்கு" என்று மறுத்துவிட்டார்.

இப்போதைய நிலவரம்: மேம்பாலத்தில் மகளோடு 38. தட்டையில் 65, அதற்கு மேல் எனக்கே பயம், அந்த டிரம் பிரேக்கை நம்பி அதற்கு மேல் போகவும் மாட்டேன். லிட்டருக்கு 34. புகை குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் அது நிற்காது.

செலவு: ரீபோர் 2,400, பெல்ட் 480, ரோலர் 300, சைலென்சர் சுத்தம் 350, ஜெட், குழாய் எல்லாம் 240, கூலி 2,800. மொத்தம் 6,570. சிவப்புப் பெட்டி தனி. இதில் காசுக்கு அதிகம் கொடுத்தது எது என்று கேட்டால் சைலென்சர் சுத்தம்தான். அதை முதலில் செய்திருந்தால் சிவப்புப் பெட்டி வாங்கியே இருக்க மாட்டேன். உங்கள் வண்டியிலும் எதையும் வாங்கும் முன் சைலென்சரைக் கழற்றிப் பாருங்கள்.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். நாலு நாள் என்றது பதினோரு நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார். நேரில் போனால் மட்டும் பேசுவார், போகாவிட்டால் உங்கள் வண்டி மூலையில் நிற்கும். பில் கிடையாது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதித் தருவார். ஒயரிங் வேலையைத் தொட மாட்டார், எங்கள் வண்டியின் இண்டிகேட்டர் இன்னும் எரியவில்லை. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும்.

பெரிய எஞ்சினைத் தூக்கி மாட்டுங்கள் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன் நிற்க வேண்டும். அங்கே மாட்டிக்கொள்வது நாம்தான்.

போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை முடிந்து திறக்க இரண்டரை ஆகும். டேங்கில் பெட்ரோலைக் குறைவாக வைத்துக்கொண்டு போங்கள், கழற்றும்போது அவருக்கு வேலை குறையும். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வாருங்கள், கேட்காமலே கொடுத்தாலும் கொடுப்பார். தட்டையான அந்த ஆறு ரோலர்களையும் என் மகள் பல்லாங்குழிக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.