நின்றுபோன டர்ட் பைக்: கார்பை ஸ்ப்ரே அடிப்பதா, கழற்றி அலசுவதா, புதிதாக மாற்றுவதா?

ஒரு வருஷத்துக்கு மேல் கவர் போட்டு நிறுத்திய டர்ட் பைக், சோக் இழுத்தால் மட்டும் ஓடி, சோக்கை விட்டதும் அணைந்தால் பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் கார்பில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், ஸ்லோ ஜெட் என்ற குட்டிப் பித்தளைத் துளை அடைத்திருக்கும். ஐடிலிங்கில் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் வர வேண்டும். அதன் விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

சென்னையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதிலுள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க், பகல் சூட்டில் காற்றை வெளியே தள்ளி, இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலிலும் அதே கதைதான்.

கார்பைத் தொடுமுன் எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் பின் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் கிக்கரை மிதித்து வம்பு பண்ணாதீர்கள். ஃபோம் ஏர் ஃபில்டரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நம்ம ஊர் சூட்டில் அது பொடிப்பொடியாக உதிரும்; உதிர்ந்த தூள் நேராக சிலிண்டருக்குள் போகும்.

இனி விஷயத்துக்கு வரலாம். மூன்று வழிகளில் எது என்பதை ஃப்ளோட் பவுலைத் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே மெல்லிய மஞ்சள் பூச்சு மட்டும் என்றால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே போதலாம். பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி இறுகியிருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். வெள்ளைப் பொடி படிந்து, அதைச் சுரண்டினால் அலுமினியத்தில் குழி தெரிந்தால் அது தண்ணீர் அரித்த இடம். அதற்கு எந்த கிளீனரும் மருந்தில்லை.

ஸ்ப்ரேயின் நன்மை நேரம்தான். பழைய பெட்ரோலை வடித்து, பவுலை இறக்கி, ஜெட் துளைகளில் அடித்து மூடினால் அரை மணி நேர வேலை. ஆனால் முழுக்க அடைத்த துளைக்குள் ஸ்ப்ரே போகவே போகாது. போகிற வழியில் பாய்ந்துவிட்டுத் திரும்பி வரும். கண்ணாடி போடாவிட்டால் நேராக உங்கள் கண்ணுக்கு. ஆறு மாதம் நின்ற வண்டிக்கு முயலலாம். இரண்டு மழைக்காலம் பார்த்த வண்டிக்கு வீண்.

கழற்றி அலசுவதுதான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான வழி. பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் மூன்றும் இருக்கும்; ஓ-ரிங் துளையிலேயே ஒட்டிக்கொள்வது வழக்கம். அதை எடுக்க மறந்து கிளீனரில் ஊற வைத்தால் உப்பிப் போகும். டயாஃப்ரம் உள்ள கார்பில் அந்த ரப்பரை கிளீனர் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஜெட்டைக் குத்த ஊசியோ டிரில் பிட்டோ வேண்டாம். பித்தளை மெத்தென்றிருக்கும், துளை பெரிதாகிவிட்டால் கலவை மொத்தமும் மாறிப்போகும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்புக் கம்பி போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

காற்றடிக்க பஞ்சர் கடைதான் கைகொடுக்கும். ஆனால் அந்த கம்பிரஸரில் தண்ணீர் தேங்கியிருக்கும். முதல் சில நொடிகள் தரையில் அடித்துவிட்டுப் பிறகு கார்பில் வையுங்கள்.

கையால் அலசியும் உள்வழி திறக்காவிட்டால் அல்ட்ராசோனிக், அதாவது ஒலியதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டி. ரப்பர், பிளாஸ்டிக், ஃப்ளோட் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெந்நீரும் அலுமினியத்துக்கு ஏற்ற சோப்பும் கலந்து, பத்துப் பதினைந்து நிமிடம். ஸ்ப்ரே எட்டாத சந்துகளில் இது வேலை செய்யும். ஜெட்களை பாடியிலிருந்து கழற்றாமல் அப்படியே தொட்டியில் போட்டுக் கொடுக்கும் கடைகளில் காசு கொடுப்பது வீண்.

புது கார்ப் கடைசி வழி. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பார்க்க ஒரே மாதிரியான டூப்ளிகேட் கிடைக்கும். வாங்கி மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது, அல்லது பிளக் கரியாகும். காரணம் ஜெட் எண்கள் வேறு. பழைய ஜெட்டில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அந்த ஜெட்களையே புதியதில் மாற்றிப் போடுங்கள். 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் மாதிரி தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு ஒரிஜினல் பாடியைக் காப்பாற்றப் பாடுபடுவது நியாயம்தான். பவுலுக்குப் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஃப்ளோட் நீடில் உட்காரும் இடம் அரித்துவிட்டால் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் வழிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும்.

2020-க்குப் பிந்தைய எக்ஸ்பல்ஸ் 200 போன்ற, கார்புக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள எஃப்ஐ வண்டிக்கு இந்தப் பேச்சே இல்லை. சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் உறுமும் சத்தம் கேட்கிறதா என்பதுதான் முதல் சோதனை. கேட்காவிட்டால் முதலில் பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள், அதற்குப் பிறகே பம்பைச் சந்தேகப்படலாம்.

எந்த வழியானாலும் டேங்கின் துருவைச் சுத்தம் செய்யாமல் பெட்ரோல் விட்டால் அடுத்த வாரமே அதே ஜெட் அடைக்கும். டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் காக்கை (திறந்து மூடும் குழாயை) கழற்றித் துளையை அடைத்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) என்று டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் கொட்டிவிட்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய்ந்த உடனே சிறிது டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்த பெட்ரோலால் குலுக்குங்கள். காய்ந்த பிறகு சும்மா விட்டால் அன்று மாலைக்குள்ளேயே துரு திரும்ப வந்துவிடும். டியூபில் இன்லைன் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, முதல் சில நாட்கள் அதன் நிறத்தைக் கவனியுங்கள்.