ஏசி நல்ல ஏசிதான், மாட்டிவிட்டுப் போனதுதான் சரியில்லை

ஏசி மாட்டிய வேலைக்கு மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்ததற்கும், சுவரை இடிக்காமல் கோர் கட்டரால் துளை போட்டதற்கும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஷோரூமில் ஏசி வாங்கினால் மாட்டுவதற்கும் அவர்களே ஆள் அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் கடை ஊழியர் இல்லை. ஏசி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அக்னி நட்சத்திரம் நெருங்கினால் ஒரே நாளில் நாலைந்து வீடு முடித்தாக வேண்டும். நமக்குத் தெரியாத வேலைகளில்தான் அந்த அவசரம் கைவைக்கும்.

முதலில் விடுபடுவது வேக்யூம். காப்பர் பைப்பை இணைத்ததும் பம்ப் வைத்து 15, 20 நிமிடமாவது உள்ளே இருக்கும் காற்றை இழுக்க வேண்டும். வேக்யூமை அளக்கும் மைக்ரான் கேஜ் 500க்குக் கீழே காட்ட வேண்டும். பிறகு வால்வை மூடி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். இங்கே நடப்பது வேறு: அவுட்டோர் யூனிட் வால்வை லேசாகத் திறந்து, உள்ளிருக்கும் கேஸை வைத்தே காற்றை ‘புஸ்’ என்று வெளியே தள்ளிவிட்டு, “ஏர் எடுத்தாச்சு சார்” என்கிறார்கள். கம்பெனி அளந்து அடைத்த கேஸ் குறைகிறது; பல ஏசிகளில் அடைத்து வரும் ஆர்-32 கேஸ், எளிதில் இல்லாவிட்டாலும், தீப்பிடிக்கக் கூடியது என்பது வேறு. ஈரம் மட்டும் பைப்புக்குள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? அது கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசர் மோட்டாரின் காயிலை அரிக்கும். மாட்டிய அன்று அறை ஜில்லென்று இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கம்ப்ரசர் போகும்போது மாட்டியவர் போன் நம்பரே மாறியிருக்கும்.

அடுத்தது ஃப்ளேர், அதாவது நட்டில் பொருந்துவதற்காகப் பைப் வாயைப் புனல் போல விரிப்பது. பைப்பை வெட்டியதும் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை ரீமரால், பைப் வாயைக் கீழே சாய்த்துப் பிடித்து, எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஃப்ளேர் ஒருபக்கம் வெடிக்கும். நட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குகிறவரைக் காண்பது அபூர்வம். கை பலத்தில் முறுக்கி ஃப்ளேரையே நசுக்குகிறார்கள். கேஸ் மெல்லக் கசிந்து, இன்டோர் காயிலில் ஐஸ் பிடிக்கும். நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்கள், சோப்பு நுரை வைத்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கரண்ட் வேலைதான் உண்மையில் பயமுறுத்துவது. 1.5 டன் ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. காப்பர் வயர், ஓவர்லோடில் விழும் 20 ஆம்ப் எம்சிபி (சி-கர்வ் வகை), கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வேண்டும். பக்கத்து லைட் பாயின்ட்டில் இருந்து இழுத்தால் வயர் சுடும், பிளக் கருகும். அதைவிட மோசம், எர்த்து வயர் இல்லாத பழைய வீடுகளில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் லூப் போடுவது. டெஸ்ட் லாம்ப் எரியும், ஏசியும் ஓடும். ஆனால் கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் அறுந்தால் ஏசியின் இரும்பு உடம்பெல்லாம் 230 வோல்ட். நியூட்ரல் நன்றாக இருக்கும்போதும், ஏசி உடம்பில் கசியும் கரண்ட் அதன் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபி விழாது. இதைச் செய்பவரை வீட்டுக்குள் விடக் கூடாது.

டிரெயின் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும்; அதன் முனை சாக்கடைத் தண்ணீரில் முங்கக் கூடாது.

அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் காரை போட்ட பழைய செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் விரியும்போது செங்கலே பிளக்கும். சுவரின் மறுபக்கம் வரை போல்ட்டை விட்டு, பின்னால் பட்டை வைத்து முறுக்குவதுதான் வழி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே உப்புக்காற்றும் சேர்வதால் எவர்சில்வர் போல்ட்டே கேளுங்கள்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்தில் வீட்டை வைத்துவிட்டு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள், வேலை நடக்கும்போதே வீடியோ காலில் கேஜையும் திறந்த சாக்கெட்டையும் காட்டச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டை மூடிய பிறகு எடுத்து அனுப்பும் போட்டோவால் பயனில்லை. ஊரில் இருக்கும் அத்தா, அம்மாவிடம் ஃபிட்டிங் ரிப்போர்ட்டில் கையெழுத்து கேட்பார்கள். வேக்யூம் எத்தனை நிமிடம், கூடுதல் பைப் எத்தனை மீட்டர், எர்த்து எங்கிருந்து எடுத்தது என்று அதில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஃபிட்டிங் காசைக் கொடுக்க வேண்டாம்.