கோத்தும் எமோவும் ஒரே பெட்டியிலா?

லண்டன் காம்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் இரண்டு வேறு ராக் இசை வகைகளைச் சேர்த்து "கோத்/எமோ" என்று ஒரு சீட்டில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், எனக்கு அங்கேயே பொறுக்கவில்லை. கறுப்புச் சட்டையும் கண்மையும் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடுமா? கோத் 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் போஸ்ட் பங்க்கிலிருந்து, அதாவது பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த இசையிலிருந்து, முளைத்தது. பௌஹவுஸ் இசைக்குழு 1979இல் போட்ட 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும், டிரம்ஸ் தட்டிக்கொண்டே இருக்கும், பேஸ் மெதுவாக இறங்கும், குரல் வருவதற்குள் டீ ஆறிவிடும். எமோ 1980களின் நடுவில் வாஷிங்டன் டிசியின் ஹார்ட்கோர் பங்க்கில், அதாவது இன்னும் வேகமான, முரட்டுப் பங்க்கில், பிறந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் 1985 ஆல்பத்தைக் கேளுங்கள், தொண்டை கிழியக் கத்தல், சொந்த வலி, அவ்வளவு அவசரம். எமோ என்றதும் நினைவுக்கு வரும் நெற்றியை மறைக்கும் முடியெல்லாம் 2000களில் பிரபலமானது, குழப்பமும் அப்போதுதான் கூடியது.

சரி, கடைக்கு வருவோம். தட்டுகள் சுத்தம், போட்டுக் கேட்கவும் விடுகிறார்கள். நான் கேட்காமல் எடுத்த ஒன்றில் மட்டும் உறைக்குள் வேறு தட்டு. திரும்பக் கொண்டுபோனதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள். கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. பெட்டியில் ஒட்டிய அந்தச் சீட்டைக் கிழித்தால் நாலு.