மேலே பாலமா, கீழே வழியா? மலைக்காட்டு நெடுஞ்சாலையை ஊனுண்ணிகள் கடக்க எது உதவும்

மலைக்காட்டைப் பிளந்து போகும் நெடுஞ்சாலையில் ஊனுண்ணிகளுக்குப் பாலம் கட்டுவதா, கீழே வழி விடுவதா என்ற கேள்விக்கு, எந்த விலங்கு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் ஒப்பிட மிக நல்ல இடம் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா. அங்கே டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையின் 82 கி.மீ. நீளத்தில் விலங்குகள் கடப்பதற்கென்றே 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளும் உள்ளன. 1996-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தடங்களையும் கேமராப் படங்களையும் வைத்து அவற்றைக் கண்காணித்திருக்கிறார்கள்.

கிரிஸ்லி கரடியும் ஓநாயும் உயரமான, அகலமான, நீளம் குறைந்த வழிகளையே நாடின. மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவை கால் வைக்கும். கருங்கரடியும் பூமாவும் (மலைச்சிங்கம் எனப்படும் பெரிய பூனை) நேர்மாறு: நீண்டு ஒடுங்கிய, தாழ்வான வழிகளில் அதிகம் நுழைந்தன. ஆகவே ஒரே அச்சில் பத்து வழிகள் வார்ப்பதைவிட, அளவை மாற்றி மாற்றி அமைப்பதே சரி.

மேம்பாலத்தின் பெரிய பலம், குட்டியோடு வரும் தாய். கிரிஸ்லித் தாய்கள் மேம்பாலங்களையும் திறந்த அமைப்புகளையுமே தேர்ந்தெடுத்தன. குறுகிய கீழ்வழிகளில் வந்தவை பெரும்பாலும் தனியாகத் திரிபவை. தாய்கள் கடக்காவிட்டால் இருபுறமும் இனம் தனித்தனியாகிவிடும் என்பதால், கடந்த விலங்குகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு வழி வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. பெரிய ஊனுண்ணிகளுக்கு மேம்பாலத்தின் அகலம் 40 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பான்ஃபின் முதல் இரண்டு மேம்பாலங்கள் 50 மீட்டர் அகலம் கொண்டவை. பாலத்தின் மேல் புல் வளர 30 செ.மீ. மண் போதும், மரம் வேரூன்ற வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டராவது தேவை. அந்த எடையை முதலிலேயே கணக்கிடாமல் கட்டினால், பிறகு மண்ணைக் கூட்ட முடியாது. விளிம்புகளில் சுமார் 2.4 மீட்டர் உயர மண்கரை இல்லையென்றால் முகப்பு விளக்கின் ஒளியும் டயர் இரைச்சலும் மேலே வந்துவிடும்.

கீழ்வழி செலவு குறைந்தது. சாலை உயர்ந்த கரைமேல் போகும் இடங்களில் எளிதாக அமையும். பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் வேண்டும். 12 மீட்டருக்கு மேல் அகலமும் 4.5 மீட்டருக்கு மேல் உயரமும் இருப்பது நல்லது. ஆனால் அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அகலத்தை உயரத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் வருவதே திறப்பு விகிதம். சாலை நான்குவழிச் சாலையாக விரியும்போது கீழ்வழி நீண்டு, இந்த எண் சரிந்து, வழி குகைபோல் ஆகிவிடும். நல்ல அளவில் கட்டியதையும் கெடுப்பவை உண்டு: அரிப்பைத் தடுக்க வாயிலில் கொட்டிய கருங்கற்கள், தரையெங்கும் தேங்கும் நீர், எல்லாவற்றையும்விட மனித நடமாட்டம். மலையேற்றப் பாதையையும் விலங்கு வழியையும் ஒன்றாக்கினால் முதலில் விலகிப் போவது ஊனுண்ணிதான்.

இந்த இரண்டையும்விட நான் முன்னிறுத்துவது தூண்கள்மேல் செல்லும் நீண்ட பாலத்தை. பள்ளத்தாக்கை மண்ணால் நிரப்பி நடுவில் ஒரு பெட்டிப் பாலம் (பெட்டி வடிவச் சிறு கான்கிரீட் வழி) வைப்பதற்குப் பதில் சாலையைத் தூக்கிவிட்டால் ஓடையும் புதரும் பழைய தடங்களும் அப்படியே தப்பும். இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தையொட்டிய 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் 50 முதல் 750 மீட்டர் வரை அகலமுள்ள ஒன்பது கீழ்வழிகள் உள்ளன. 2019-இல் கேமரா வைத்துப் பார்த்தபோது புலியும் செந்நாயும் அவற்றைப் பயன்படுத்துவது பதிவானது.

மரநாய், கீரி அளவுள்ளவற்றுக்குச் சாதாரணக் குழாய்ப் பாலமே போதும். வெள்ளம் ஓடும் குழாயில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு காய்ந்த திண்ணை வேண்டும்.

வேலி இல்லாமல் இவை எதுவும் பலன் தராது. வேலியை மட்டும் போட்டு வழி விடாவிட்டால், விபத்து குறைந்தாலும் காடு இரண்டாகிவிடும். உயரம் 2.4 மீட்டர் இருக்கட்டும். தோண்டி நுழையும் ஓநாய், கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்க நாயினம்) போன்றவற்றைத் தடுக்க ஒரு மீட்டருக்குக் குறையாத வலையை அடியில் புதைக்க வேண்டும். கரடியும் பூமாவும் ஏறிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டே திட்டமிட வேண்டும். உள்ளே சிக்கியது வெளியேற, சாலைப்பக்கம் சரிவாகவும் காட்டுப்பக்கம் சுமார் 2 மீட்டர் செங்குத்தாகவும் உள்ள மண்மேடுகள் வேண்டும். 5 கி.மீ.க்குக் குறைவான வேலிகளின் பலன் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. அதைத் தாண்டினால் பெரிய விலங்குகள் மீதான மோதல் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. மரம் விழுந்து ஒரு கண்ணி அறுந்தாலும் விலங்குகள் அங்கேயே சாலையில் இறங்கும். புயலுக்கு அடுத்த நாளே வேலி நெடுகப் பார்த்துவர ஆள் வேண்டும்.

பந்திப்பூரில் 2009 முதல் இருப்பதுபோன்ற இரவுப் போக்குவரத்துத் தடைக்குக் கட்டுமானமே தேவையில்லை. மாற்றுப்பாதை இருந்து, வாகனமும் குறைவாக இருந்தால் அதுவே முதல் தெரிவு. பகலிலும் வண்டி ஓயாத சாலையில் அது மட்டும் போதாது.

கட்டிய முதல் ஆண்டில் கேமராவில் எதுவும் சிக்காவிட்டால் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். பான்ஃபில் எச்சரிக்கை மிகுந்த இனங்கள் பழக நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆயின. கண்காணிப்புக்கு இரண்டே ஆண்டுக்கு நிதி ஒதுக்கினால், கிரிஸ்லி கடக்கத் தொடங்கும்போது அதைப் பதிவுசெய்ய அங்கே கேமரா இருக்காது.