குலசேகரம் ஷீட் கடை: எடை சரி, ரேட் பரவாயில்ல, சட்டம்தான் பிரஸ்ஸல்ஸ்ல இருந்து வருது

ரப்பர் ஷீட் (பாலை உறைய வச்சு காயவச்ச தகடு) விக்க, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துல எந்தக் கடை நல்லதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, நான் விக்கிற கடையைப் பத்தி சொல்லுதேன். தராசை நம்ம பக்கம் திருப்பிதான் வச்சிருக்காங்க, நாலாம் கிரேடு (தரம்) ஷீட்டுக்கு கேரளாவுல கோட்டயம் சந்தை ரேட்டை போர்டுல எழுதிப்போட்டு அதுல எவ்வளவு பிடிப்போம்னு முதல்லயே சொல்லிருவாங்க. ஷீட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்து, வெள்ளையா பொட்டு பொட்டா தெரிஞ்சா மட்டும் ஈரம்னு கழிப்பாங்க, அது நியாயம்தான். ஒட்டுப்பாலுக்கு (மரத்துலயும் சிரட்டையிலயும் ஒட்டிக் காய்ஞ்ச பால்) ரேட் கம்மி, அதுக்கு வேற கடை பாருங்க.

இப்போ நம்ம விளையை (ரப்பர் தோட்டத்தை) மேப் பண்ணியும் குடுக்காங்க, காசு கிடையாது. கடைப் பையன் போனோட வந்து மூலைக்கு மூலை நடந்து பாயிண்ட் எடுக்கான். மரம் அடர்த்தியா நிக்கிற இடத்துல ஜிபிஎஸ் அடுத்தவன் விளைக்குத் தாவிருது, பாவம் மறுபடியும் முதல்ல இருந்து சுத்தினான். ஆப் முழுக்க இங்கிலீஷ், ஒரு வரி தமிழ் இல்ல.

"அண்ணாச்சி, நம்ம விளையில ஐரோப்பாக்காரனுக்கு என்ன வேலை?"ன்னு கடைக்காரர்ட்ட கேட்டேன். "டயர் அங்க போகுதுல்லா மக்கா, அவன் கேக்கான்"னாரு.

விஷயம் இதுதான். பிரஸ்ஸல்ஸ்ல தலைமை இடம் வச்சிருக்க ஐரோப்பிய யூனியன் 2023ல ஒரு சட்டம் போட்டுச்சு, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிச்ச நிலத்துல விளைஞ்ச ரப்பர், காப்பி, கோகோ எதுவும் அங்க உள்ள வரக்கூடாது, எந்த நிலத்துல விளைஞ்சதுன்னு இடக்குறியோட காட்டணும். மீறினா ஐரோப்பிய யூனியனுக்குள்ள கம்பெனி பண்ற வருஷ விற்பனையில 4 சதவீதம், அதுக்கு மேலயும் அபராதம் போகலாம், அதனால பயம் டயர் கம்பெனியில தொடங்கி ஏஜென்ட் வழியா குலசேகரம் கடைக்கு இறங்குது. 4 ஹெக்டேருக்குக் கீழன்னா சட்டப்படி ஒரே ஒரு பாயிண்ட் போதும், எனக்கு அதுல பாதி கூட இல்ல, ஆனாலும் மேல உள்ள கம்பெனிக்காரங்க விளையோட எல்லை முழுக்க கேக்காங்களாம், பையன் நடக்கான்.

காட்டைக் காப்பாத்துறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஐரோப்பிய பார்லிமென்ட்ல 720 சீட்டு, 1979ல இருந்து மக்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்காங்க, எனக்கு அதுல அரை ஓட்டு கூட கிடையாது. நம்ம எம்பியைக் கேட்டா அவராலயும் ஒரு வரி மாத்த முடியாது. 2020ல இதைப் பத்தி பொதுமக்கள் கருத்து கேட்டாங்க, 10 லட்சத்துக்கு மேல பதில் போச்சு, எந்த நாட்டுக்காரனும் எழுதலாம்னு கதவு திறந்துதான் இருந்துச்சு. கொரோனா காலத்துல இங்க ரப்பர் பால் வெட்டுற யாருக்கு அது தெரியும்? பிரேசிலும் இந்தோனேசியாவும் எதிர்த்து, கம்பெனிகளும் முனங்கி, சட்டம் ரெண்டு தடவை தள்ளிப்போய் பெரிய கம்பெனிக்கே 2026 டிசம்பர்னு ஆயிடுச்சு. சத்தம் போட ஆள் உள்ளவனுக்கு அங்க காது கேக்குது. சரக்கு நாடு தாண்டிப் போய், சட்டமும் நாடு தாண்டி வருதுன்னா, அந்தச் சட்டம் யார் தலையில விழுதோ அவனுக்கும் கேள்வி கேக்க ஒரு இடம் வேணும்லா? இப்போதைக்கு எனக்கு அந்த இடம் இந்தக் கடைத் திண்ணைதான், அண்ணாச்சியும் சலிக்காம பதில் சொல்லுதாரு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு ஒட்டுப்பாலுக்காகக் குறைச்சது. மேப்பிங்குக்குப் போறவங்க பட்டா நகலும் போனுக்கு ஃபுல் சார்ஜும் எடுத்துக்கிடுங்க, மழை நாள்ல கூப்பிடாதீங்க, பையன் வரமாட்டான்.