பிளே எண்ணிக்கை பூஜ்யம்: ஹாரர் விழாக்களுக்குக் குறும்படம் அனுப்பிய அனுபவம்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டார்: “அண்ணா, பேய்ப் படம் ஒண்ணு முடிச்சிட்டேன். எந்த ஹாரர் ஃபெஸ்டிவலுக்குப் போடலாம்? காசு கட்டித்தான் ஆகணுமா?” வாய்ஸ் நோட்டில் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எனக்கே கோபம் ஏறிவிட்டது. எழுதிவிடுவதே நல்லது என்று இங்கே வந்துவிட்டேன். விழாக்களுக்குப் படம் அனுப்பும் தளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் கணக்குத் தொடங்குவது, போஸ்டர் ஏற்றுவது, லாக்லைன் (கதையை ஒரே வரியில் சொல்வது) எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டாலும் ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

என் படம் சென்னை வீடு ஒன்றின் தண்ணீர் சம்ப்பைப் பற்றியது. கோடை. சம்ப் காய்ந்து கிடக்கிறது, லாரி வரவில்லை. ராத்திரியில் அதன் இரும்பு மூடியை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். ரத்தமும் வெள்ளைச் சேலையும் கிடையாது, 12 நிமிடம்தான். இரண்டு வருடமாக இந்தப் படம் விழா விழாவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் எடுத்தார்கள், பலர் எடுக்கவில்லை. அது சகஜம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் வேறு இடத்தில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப் பொறுமை இருக்காது. பொதுவான குறும்பட விழாக்களோடு ஒப்பிட்டால் ஹாரர் விழாக்காரர்கள் தங்கமான மனிதர்கள். பொது விழாக்களில் பேய்ப் படம் என்றாலே ஒரு மாற்றுக் குறைவாகத்தான் பார்ப்பார்கள். முதியோர் இல்லம், புலம்பெயர்வு, விவசாயி தற்கொலை வரிசையில் சம்ப் மூடி தட்டும் படத்துக்கு எங்கே இடம்? ஹாரர் விழாவில் அந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பயப்படுவதற்கென்றே டிக்கெட் வாங்கியவர்கள். ஸ்பெயினின் சிட்ஜெஸ் விழா 1968-லிருந்து நடக்கிறது. பிரஸ்ஸல்ஸ் விழா 1983-ல் தொடங்கியது. அங்கே திரையில் கதாநாயகி கதவைத் திறக்கப் போனால், திறக்காதே என்று அரங்கமே கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே அந்த விழாவுக்குப் பெயர். மான்ட்ரியலின் ஃபான்டாசியாவில் விளக்கு அணைந்ததும் கூட்டம் பூனை மாதிரி மியாவ் மியாவ் என்று கத்தும். லண்டன் ஃப்ரைட்ஃபெஸ்ட் 2000-லிருந்து நடக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் நீள வார இறுதி முழுக்கப் படம். இப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே நம் படம் ஓட வேண்டும் என்று ஆசைப்படாதவன் பேய்ப் படமே எடுக்க வேண்டாம்.

என் படம் இந்தப் பெரிய மேடைகளில் ஓடவில்லை. ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரின் விழாவில் ஓடியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தங்க இரண்டு இரவு தருகிறோம், விமான டிக்கெட் தர வசதியில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். நான் போகவில்லை. திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு அவர்களுடைய புரொஜெக்ஷன் ஆளிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: உங்கள் படத்தில் அந்தத் தட்டும் சத்தம் மிகவும் தாழ்வாக இருக்கிறது. வேண்டுமென்றே வைத்ததா? எந்த அளவில் மிக்ஸ் செய்தீர்கள்?

இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். படத்தை எடுத்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: தியேட்டரின் சவுண்ட் புராசஸரில் 7 என்பதுதான் நிர்ணயிக்கப்பட்ட ஒலி அளவு. ஒழுங்கான மிக்ஸிங் தியேட்டரும் அதே அளவில்தான் கேட்டு மிக்ஸ் செய்யும். ஆனால் நடைமுறையில் நிறைய அரங்குகளில் அதைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், சத்தம் அதிகம் என்று யாராவது புகார் சொல்லியிருப்பார்கள். குறும்பட வரிசையில் இன்னும் மோசம். எட்டு படங்களை ஒரே மூச்சில் ஓட்டும்போது, காது கிழிய மிக்ஸ் செய்த ஒரு படத்துக்காக மொத்த வரிசைக்கும் அளவைக் குறைத்துவிடுவார்கள். உங்கள் பயம் முழுவதும் மெல்லிய ஒலியில் இருந்தால் தீர்ந்தது கதை. ஹெட்போனில் கேட்டு மிக்ஸ் செய்த படம் பெரிய அரங்கில் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாலிகிராமத்தில் அளவு சரியாக வைத்த ஒரு சின்ன மிக்ஸிங் தியேட்டரை நாங்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். படத்தின் மொத்தச் செலவில் மிகவும் உருப்படியான செலவு அதுதான். தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபிகூட டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்ததுதான்.

அந்த மனிதர் 7-லேயே ஓட்டினார். ஓட்டியதோடு விடாமல், தட்டும் காட்சி வரும்போது அரங்கில் தன் கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்பினார். ஒன்றரை நிமிடம். முதலில் யாரோ இருமுகிறார்கள். பிறகு யாருமே இருமவில்லை. தட்டு விழுகிறது. ஒரு பெண் தன் மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்கிறார், அரங்கம் சிரிக்கிறது, சிரிப்பு பாதியிலேயே நிற்கிறது, ஏனென்றால் இரண்டாவது தட்டு வந்துவிட்டது. இதைக் கேட்டு நான் அழவில்லை, ஆனால் என் எடிட்டர் அழுதான்.

சரி, நல்லது முடிந்தது.

ஸ்க்ரீனரை, அதாவது தேர்வுக் குழு பார்ப்பதற்கான பிரதியை, விமியோ என்ற வீடியோ தளத்தில் கடவுச்சொல் போட்டு வைத்து, அந்த இணைப்பை ஃபிலிம்ஃப்ரீவேயில் கொடுப்பது பெரும்பாலோரின் வழக்கம். விமியோவில் ஒரு வசதி உண்டு. எத்தனை முறை பிளே செய்தார்கள், எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்றெல்லாம் காட்டும். இந்த வசதியைத் தெரிந்துகொண்ட நாள் என் நிம்மதி போன நாள். ஒவ்வொரு விழாவுக்கும் தனித்தனிப் பிரதி ஏற்றி, தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்தேன். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று சந்தேகமே இல்லாமல் தெரியும். காபி போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். “இன்னும் யாரும் பாக்கலையா?” என்று கேட்பது என் மனைவிக்கு வழக்கமாகிவிட்டது. மாமியார்கூடக் கேட்க ஆரம்பித்தார்.

பார்க்கவில்லை. அதுதான் என் புகார். காசு வாங்கிக்கொண்டு பார்க்கவில்லை.

எல்லோரும் அல்ல. ஆனால் வட அமெரிக்காவின் ஒரு விழாவைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நான் கட்டியது லேட் கட்டணம். நான் கட்டிய பிறகு கடைசித் தேதியை இரண்டு முறை நீட்டித்தார்கள், இரண்டு முறையும் எனக்கே மின்னஞ்சல் அனுப்பினார்கள், இன்னும் வாய்ப்பிருக்கிறது என்று. முடிவு அறிவிக்கும் தேதி வந்தது, போனது. அதற்கும் மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம்: உங்கள் படத்தை மிகவும் ரசித்துப் பார்த்தோம், முடிவெடுப்பது கடினமாக இருந்தது. விமியோவில் போய்ப் பார்த்தேன். பிளே: 0. ரசித்துப் பார்த்தார்களாம்! டவுன்லோட் வசதியையும் நான் மூடித்தான் வைத்திருந்தேன். ஸ்க்ரீன்ஷாட்டோடு மரியாதையாக எழுதிக் கேட்டேன். கட்டணம் திருப்பித் தரப்படாது, ஆனால் அடுத்த ஆண்டு இலவசமாக அனுப்ப ஒரு கட்டண விலக்குக் குறியீடு தருகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டும் பார்க்காமல் இருப்பதற்கு இலவசம்.

நியாயமாகவும் பேச வேண்டும், பேசுகிறேன். தேர்வுக் குழு பலர் சேர்ந்து ஒரே திரையில் பார்த்தால் ஒரு பிளேதான் விழும். மூன்று நிமிடத்தில் நிறுத்தினால் அதிலும் தப்பில்லை. விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நல்ல ப்ரோக்ராமருக்கு மூன்று நிமிடம் போதும், நமக்கே மற்றவர் படங்களைப் பார்க்கும்போது அவ்வளவுதான் ஆகிறது. எண்ணிக்கையையும் பாருங்கள். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவுக்கு 2024-ல் வந்த குறும்படங்கள் 12,000-க்கு மேல், எடுத்தவை 53. ஹாரர் விழாக்களுக்கு அவ்வளவு வராது. ஆனால் அங்கே படம் பார்ப்பவர்களில் நிறையப் பேர் வேலைக்குப் போய்விட்டு வந்து சம்பளமில்லாமல் உட்காரும் தன்னார்வலர்கள். கட்டணம் இல்லாவிட்டால் பல சின்ன விழாக்கள் அரங்க வாடகைகூடக் கொடுக்க முடியாது. எல்லாம் புரிகிறது. ஆனால் பூஜ்யம் என்பது வேறு கணக்கு. 12 நிமிடத்தில் 12 விநாடியாவது பார்த்துவிட்டு நிராகரித்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

பழைய ஆட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஃபிலிம்ஃப்ரீவே 2014-ல் வான்கூவரிலிருந்து வந்தது. அதற்கு முன் 2000-லிருந்து வித்தவுட்டபாக்ஸ் என்ற தளம்தான் ராஜா. அது அமேசானின் ஐஎம்டிபி கைக்குப் போய், 2019-ல் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் டிவிடியை உறையில் போட்டுக் கூரியர் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். உறையைப் பிரித்தார்களா என்பதே தெரியாது. “தெரியாம இருந்ததே நிம்மதிப்பா” என்றார் ஒரு சீனியர். இருக்கலாம்.

காசு விவரம் சுருக்கமாக. குறும்படத்துக்கு 20 டாலரிலிருந்து 50 டாலர் வரை கேட்பது சாதாரணம். முன்கூட்டியே அனுப்பும் எர்லி பேர்டில் குறைவு, லேட் ஆக ஆக ஏறும். நம் ஊர்க் கார்டில் கட்டினால் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. ஐந்தாறு விழாவுக்குப் போட்டால் ஒரு நாள் கேமரா வாடகை காலி. எல்லா விழாவும் விற்பது ஒரே கனவைத்தான். 2007-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்க்ரீம்ஃபெஸ்டில் ஓடிய பாரநார்மல் ஆக்டிவிட்டி சொற்பக் காசில் வீட்டுக்குள்ளேயே எடுத்த படம். பிறகு அது உலகம் முழுக்க வசூலித்தது ஊரறிந்த கதை. அது நடந்தது உண்மை, அதற்காக நமக்கும் நடக்கும் என்று வாரக் கடைசியில் கார்டைத் தேய்க்கக் கூடாது.

மாதாமாதம் ‘விருது’ கொடுக்கும் ஆன்லைன் விழாக்கள் பக்கம் போகவே வேண்டாம். தியேட்டரும் இருக்காது, பார்ப்பவரும் இருக்க மாட்டார்கள், விருதுப் பிரிவு மட்டும் பட்டியல் பட்டியலாக நீளும். கோப்பை வேண்டுமென்றால் தனிக் காசு. போஸ்டரில் முகம் தெரியாத அளவுக்கு லாரல் (விழா முத்திரையான இலை வளையம்) ஒட்டியிருக்கும் நம் ஊர்ப் படங்கள் பலவும் இந்த வகை. ப்ரோக்ராமர்கள் அதைப் பார்த்துத்தான் முதலில் உஷாராகிறார்கள். விழாவுக்கு நிஜமான அரங்கம் இருக்கிறதா, போன வருட நிரல் முழுமையாக வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். போன முறை கலந்துகொண்ட ஒரு இயக்குநருக்கு இன்ஸ்டாவில் ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் சொல்வார்கள், இந்த விஷயத்தில் எல்லோரும் காயம்பட்டவர்கள்தான்.

நீளம் முக்கியம். 15 நிமிடத்தைத் தாண்டினால் குறும்பட வரிசையில் செருகுவது கஷ்டம், இரண்டு படத்தின் இடத்தை உங்கள் ஒரு படம் தின்றுவிடும். சப்டைட்டிலில் பேய்ப் படத்துக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: பேசுபவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பார்ப்பவர் படித்து முடித்துவிடுவார், அதிர்ச்சி அங்கேயே கசிந்துவிடும். அந்த மாதிரி வரிகளை இரண்டாக உடைத்து, இரண்டாவது பாதியைத் தாமதமாக வைக்கச் சொல்லுங்கள். யூடியூப்பில் முன்கூட்டியே போட்டுவிட்டால் சில விழாக்கள் எடுக்காது, அதையும் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தீர்ப்பு. மேலே பாராட்டியதையெல்லாம் கூட்டினால் ஐந்துக்கு நான்கு வரும். நான் கொடுப்பது இரண்டு. இன்று காலையும் அதே வட அமெரிக்க விழாவிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, கடைசித் தேதி நீட்டிப்பு என்று. நாளைக்கு வேறு மனநிலையில் மூன்று கொடுப்பேனோ என்னவோ. இன்றைக்கு இரண்டுதான்.

போடத்தான் போகிறேன் என்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் கட்டண விலக்குக் கேட்டு எழுதுங்கள். நாலு வரி போதும்: நீங்கள் யார், படம் எதைப் பற்றியது, எத்தனை நிமிடம், ஏன் அந்த விழா. அவர்கள் போன வருடம் திரையிட்ட ஒரு படத்தை நிஜமாகவே பார்த்துவிட்டு அதைக் குறிப்பிடுங்கள். பதில் எழுதுகிற விழா உங்கள் படத்தையும் பார்க்கும், என் அனுபவத்தில் இது தப்பியதில்லை. பதிலே வராத இடத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

என் அடுத்த படம் எடிட்டில் இருக்கிறது. பட்ஜெட் ஷீட்டில் ‘விழா நுழைவுக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. நேற்று ராத்திரி அதை அழித்துவிட்டு ‘மிக்ஸிங் தியேட்டர், இன்னொரு நாள்’ என்று மாற்றிவிட்டேன்.