பீப் சத்தத்துக்கு வாய்ப்பூட்டு: எந்த வாய்க்கு எந்தப் பூட்டு?

ராத்திரி பதினொன்றரை மணி. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் நான் எதையெதையோ அணைத்துக்கொண்டிருக்கிறேன். சில நொடிக்கு ஒருமுறை வரும் ‘பீப்’ மட்டும் நிற்கவே இல்லை. ஹாலில் படுத்திருந்த மாமனார் எழுந்து வந்தார். “மாப்ள, சத்தம் பெட்டியிலேர்ந்து வரல. உங்க கால்கிட்டேர்ந்து வருது.” குனிந்து பார்த்தால் யுபிஎஸ். பேட்டரி உயிரை விட்டிருந்தது. அரை மணி நேரமாக நான் அடக்கியதெல்லாம் ஒரு பாவமும் செய்யாத சத்தங்கள்.

வீட்டு டெஸ்க்டாப்புக்கு மூன்று வாய்: ஸ்பீக்கர், மதர்போர்டில் உள்ள சின்ன பஸர், மேசைக்கடியில் யுபிஎஸ். ஒன்றின் பூட்டு இன்னொன்றுக்குச் சேராது. ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். சத்தம் காதுக்குள் வந்தால் விண்டோஸ்தான் குற்றவாளி. கேபினெட்டுக்குள்ளிருந்தே வந்தால் பஸர். இரண்டும் இல்லையென்றால் குனிய வேண்டியதுதான்.

முதலில் விண்டோஸ். இங்கே போட்டி மூன்று பேருக்குள். எல்லோரும் கைகாட்டுவது சவுண்ட் செட்டிங்கின் ‘சவுண்ட்ஸ்’ தாவலில் இருக்கும் ‘நோ சவுண்ட்ஸ்’ ஸ்கீம், அதாவது ஒலித் தொகுப்பு. ஒரே கிளிக்கில் மொத்த வீடும் மௌனம். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். லேப்டாப்பில் சார்ஜ் தீரும்போது வரவேண்டிய எச்சரிக்கை ஒலியும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதுவும் சேர்ந்து ஊமையாகிவிடும். இவ்வளவு செய்தும் கணினி துவங்கும்போது வரும் இசை போகாது. அதற்கு அதே தாவலில் தனி டிக் ஒன்று உண்டு. அதையும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வால்யூம் மிக்ஸரில் ‘சிஸ்டம் சவுண்ட்ஸ்’ என்ற கோட்டைக் கீழே இழுத்துவிடுவது. பாட்டும் படமும் வழக்கம்போல் ஓடும், டிங் டாங் மட்டும் கேட்காது. படித்ததும் இதுதான் சிறந்தது என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் இந்த அளவை ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஸ்பீக்கரில் அடக்கியிருப்பீர்கள், ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டியதும் ‘டிங்’ நேராகச் செவிப்பறையில் விழும்.

மூன்றாவது கொஞ்சம் பொறுமை கேட்கும். அதே சவுண்ட்ஸ் பட்டியலில் ‘டிஃபால்ட் பீப்’, ‘ஆஸ்டரிஸ்க்’, ‘எக்ஸ்க்ளமேஷன்’ மூன்றுக்கும் மட்டும் ‘நன்’ (None, எந்த ஒலியும் வேண்டாம்) கொடுத்துவிட்டு, ஸ்கீமை உங்கள் பெயரில் சேமிப்பது. இரண்டு நிமிட வேலை. நாள் முழுக்க உயிரை வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஒரு டயலாக் பெட்டி திறந்திருக்கும்போது பின்னாலிருக்கும் ஜன்னலைக் கிளிக் செய்தால் வரும் அதட்டல் டிஃபால்ட் பீப். ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டித் தமிழுக்கு மாறும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு அனுபவமும் இருக்கும். தட்டச்சு மென்பொருள் ஓடாத நேரத்தில் கை பழக்கதோஷத்தில் தட்ட, பல செயலிகளில் அது ‘டிங்’ என்று கண்டிக்கும். என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்கே. ஒரே எச்சரிக்கை: டெஸ்க்டாப்பின் தோற்றத்தை (‘தீம்’) மாற்றினால் சத்தங்களும் கூடவே மாறலாம். படம் அழகாக இருக்கிறதே என்று மாற்றினால் மறுபடி சேமித்த ஸ்கீமைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும்.

கேப்ஸ் லாக் தட்டும்போதெல்லாம் ஒரு கீச்சொலி வருகிறதா? அது இந்தக் கணக்கிலேயே இல்லை. ‘நம் லாக்’ (Num Lock) விசையை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால், லாக் விசைகளைத் தட்டும்போது ஒலியெழுப்பும் ‘டாகிள் கீஸ்’ வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் யார் அழுத்தியது என்று விசாரிக்கத் தேவையில்லை. பார்வைக் குறையுள்ளவர்களுக்கு மிகவும் உதவும் வசதி அது. வேண்டாதவர்கள் ஆக்ஸசிபிலிட்டி, கீபோர்டு பகுதியில் அணைத்துவிடலாம்.

அடுத்து பஸர். 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரின் வாரிசு. டைமர் சிப் ஒன்று அதைத் துடிக்கவைக்கும். சவுண்ட் கார்டே தேவையில்லை. ‘பீப் டிரைவரை நிறுத்து’ என்று விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அது சரி. விண்டோஸ் 7 முதல் செயலிகள் எழுப்பும் பீப்பும் ஸ்பீக்கருக்கே போய்விடுவதால், இன்று அதைச் செய்து பஸரை அடக்க நினைப்பது வீண் வேலை. லினக்ஸ் இயங்குதளத்தில் மட்டும் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே கன்சோலின் (எழுத்து மட்டுமே தெரியும் கட்டளைத் திரை) இயல்பான மணி 750 ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு நொடி ஒலிக்கும். ‘பெல்-ஸ்டைல்’ (bell-style) அமைப்பை மாற்றினால் கட்டளை வரியின் மணி மட்டும் நிற்கும், மற்ற செயலிகள் அடிக்கும் மணி நிற்காது. பஸரை இயக்கும் ‘பிசிஎஸ்பிகேஆர்’ (pcspkr) மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் பஸரே வாயை மூடும். லினக்ஸ்காரர்கள் யோசிக்காமல் இரண்டாவதைச் செய்யலாம்.

ஆனால் பவர் பட்டனை அழுத்தியதும் வரும் அந்த முதல் ‘பீப்’? அது பயாஸ் எழுப்புவது, இயங்குதளத்துக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் மென்பொருள். எந்த இயங்குதளமும் அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. சில போர்டுகளில் பயாஸிலேயே அணைக்கலாம். இல்லாவிட்டால் மதர்போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய பின்னிலிருந்து பஸரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினேன். சில மாதம் சுகம். பிறகு ஒருநாள் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, சத்தமில்லை, ஒன்றுமில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைத்தம்பி டிராயரிலிருந்து ஒரு பஸரை எடுத்துச் செருகி ஆன் செய்தார். நீளநீளமாக அலறியது. “ராம்ண்ணே” என்றார், நினைவகத்தைச் சொல்கிறார். கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தத் தங்கநிறப் பற்களை நாலு தேய்ப்பு, திரும்பச் செருகி ஓர் அமுக்கு. ஒரே ஒரு குட்டி ‘பீப்’. படம் வந்தது. இருநூறு ரூபாய். பஸர் இருந்திருந்தால் வீட்டிலேயே முடிந்திருக்கும். இப்போது பஸரின் வாயில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். சத்தம் பாதியாகக் குறைகிறது, செய்தி குறையவில்லை. பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியில் யுபிஎஸ். மாடலுக்கு மாடல் பாஷை மாறும் என்றாலும், பொதுவாக விட்டுவிட்டு வந்தால் பேட்டரியில் ஓடுகிறது, வேகமாக அடித்தால் பேட்டரி தீரப்போகிறது, இடைவிடாமல் கத்தினால் தாங்க முடியாத சுமை. சில மாடல்களில் பவர் பட்டனை லேசாகத் தட்டினால் ஊமையாகும். யுஎஸ்பி வயர் போகும் மாடல்கள் சிலவற்றில் மென்பொருள் வழியாகவே அணைக்கலாம். விலை குறைந்தவற்றில் இரண்டும் இருக்காது. திறந்து பஸரையே வெட்டி எடுப்பவர்கள் உண்டு. உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

செத்த பேட்டரியின் புலம்பலுக்கு மியூட் வைத்தியமே இல்லை. சத்தம் அடங்கும், கரண்ட் போனதும் கணினியும் சேர்ந்து அடங்கும். நான் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினேன். இப்போது கரண்ட் போனால் மட்டும்தான் கத்துகிறது. அதைக் கேட்டதும் மாமனார் எழுந்துபோய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வருகிறார். மியூட் பட்டன் இருக்கிறது என்று காட்டினேன். “அத மட்டும் தொட்றாதீங்க மாப்ள” என்றுவிட்டார்.